அடிக்கு முந்நூறு: பினாங்குக் கடைவீட்டில் 84 மில்லிமீட்டர் தொலைந்த விதம்

காலை ஏழரைக்குள் லாரி வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அதற்கு மேல் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் தெருக்களில் லாரியை நிறுத்தினால் பின்னால் வருகிறவர்களின் ஹாரன் சத்தத்தில் ஒரு வேலையும் ஓடாது. அக்கரையில் பிறை என்ற ஊரில் உள்ள ஒரு பட்டறையிலிருந்து பாலம் தாண்டி நான்கு இரும்பு பீம்கள் வந்து இறங்கின. முதல் பீமைச் சங்கிலியில் தூக்கி, இடப்பக்கச் சுவரில் பதித்திருந்த போல்ட்டுகளில் இறக்கினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. வலப்பக்கம் போய்ப் பார்த்தால் பீமின் துளை ஓரிடத்தில், போல்ட் வேறோர் இடத்தில். நடுவில் நான்கு விரல் அகலம்.

"அண்ணே, ராத்திரி சுவரு நகர்ந்திருச்சா?" என்று ஒரு பையன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது பீமைத் தூக்கிப் பார்த்தோம். அதிலும் அதே நான்கு விரல். மூன்றாவதைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பீம்களுக்கான வரைபடத்தைத் தயாரித்தவன் நான். இருபது வருடங்களுக்கு மேலாக டிராஃப்டிங், அதாவது கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். முழுக்கவும் யாரோ செய்த தவறு என்று இதை எழுதிவிட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை என்ன

மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து ஒரு தெரு தள்ளி இரண்டு மாடிக் கடைவீடு. கீழே ஒரு பாயின் மசாலாச் சாமான் வியாபாரம், மேலே ஒரு காலத்தில் குடியிருப்பு, இப்போது சரக்கு அறை. உள் அகலம் பதினேழரை அடி, நீளம் தொண்ணூறு அடி. நம் ஊர்க் கடைவீடுகளின் வழக்கமான உருவம்தான்: தெருவைப் பார்த்து ஒடுங்கிய முகம், உள்ளே போகப் போக முடிவில்லாமல் நீளும் உடம்பு. 2008-ல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தப் பகுதியில் எதைத் தொடுவதானாலும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். முன்பக்கத்தையும் கூரையையும் அப்படியே விட்டுவிட்டு, பின்கட்டில் கரையான் அரித்த மர உத்தரங்களை மட்டும் எடுத்துவிட்டு இரும்பு பீம் போடலாம் என்று முடிவானது.

பொறியாளர் கொடுத்த கணக்கு எளிமையானது. பீம் ஒவ்வொரு பக்கமும் சுவருக்குள் 150 மிமீ போய் ஒரு கான்கிரீட் திண்டின் மேல் உட்கார வேண்டும். திண்டில் பதிக்கும் போல்ட் சுவரின் உள்முகத்திலிருந்து 75 மிமீ தள்ளி இருக்கும். எங்கள் வரைபடத்தில் சுவருக்குச் சுவர் 5250. ஆகவே பீமின் நீளம் 5550, துளைக்குத் துளை 5400. பட்டறைக்கு அந்த எண்கள் போயின.

பாயின் கடை வாசலிலேயே டேப்பை எடுத்தேன். கொண்டுவந்த பீம் மிகச் சரியாக 5550. பட்டறைமேல் குற்றமில்லை. போல்ட்டுகள் சுவர் முகத்திலிருந்து மிகச் சரியாக 75. கொத்தனார் மேலும் குற்றமில்லை. கடைசியில் டேப்பைச் சுவருக்குச் சுவர் பிடித்தேன். 5334.

தாளில் 5250, சுவரில் 5334. தொலைந்தது 84.

முதல் சந்தேகம் பொய்யானது

அலுவலகத்துக்கு வந்ததும் என் மனம் போன இடம் பழைய பேப்பர் பிளான். அடி-அங்குலக் காலத்தில் இங்கே வரைபடங்களைக் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் போடுவார்கள். அது 1:48. மெட்ரிக் வந்த பிறகு அந்த இடத்தைப் பிடித்தது 1:50. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பழைய தாளை ஸ்கேன் செய்து, அதை 1:50 என்று நம்பி மேலே கோடு இழுத்தால் அளவு தப்பும். நான் இதற்கு முன் ஒரு முறை அந்தக் குழியில் விழுந்திருக்கிறேன்.

ஆனால் கணக்கு இடித்தது. 1:48 தாளை 1:50 என்று படித்தால் வரைபடம் நூற்றுக்கு நான்குக்கு மேல் பெரிதாகும். எங்களுடையது சிறியதாக அல்லவா இருக்கிறது? 5334-ஐ 5250-ஆல் வகுத்தேன். 1.016.

இந்த எண்ணைப் பார்த்ததும் பக்கத்து மேசைத் தம்பிக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 25.4-ஐ 25-ஆல் வகுத்தாலும் 1.016-தான். 304.8-ஐ 300-ஆல் வகுத்தாலும் அதேதான்.

யாரோ ஓர் அங்குலத்தை 25 மிமீ என்று எடுத்துக்கொண்டு ஒரு முழுக் கட்டடத்தையும் மாற்றியிருக்கிறார்கள்.

கோப்பின் பூர்வீகம்

நாங்கள் இந்த வேலையை வெறும் தாளிலிருந்து தொடங்கவில்லை. கட்டடத்தின் உரிமையாளரிடம் பழைய டிடபிள்யூஜி கோப்பு, அதாவது கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளின் கோப்பு, இருந்தது. கடைக்குள் தரையிலிருந்து கூரைவரை மூட்டைகள், அளக்கப் போனால் சுவரே கண்ணில் படாது. அதனால் அந்தக் கோப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். செய்திருக்கக் கூடாது. ஆனால் ஊரில் பாதி வேலைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

இப்போது அதே கோப்பை வேறு கண்ணோடு திறந்தேன். கதவுகள் 900, 750. வெளிச்சுவர் 225. வாசலில் இருக்கும் அஞ்சடி, அதாவது மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்று சொல்லும் நடைபாதை, அட்சரசுத்தமாக 1500. பின்கட்டுவரை மொத்த நீளம் 27000. எல்லாமே எவ்வளவு அழகான எண்கள்! நூறு வருடக் கட்டடத்தில் மில்லிமீட்டர் கணக்கில் இத்தனை முழு எண்கள் எப்படி வரும் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாருக்கு மில்லிமீட்டர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. அவர் கட்டியது மூன்றடிக் கதவு, இரண்டரை அடிக் கதவு, ஒன்பது அங்குலச் சுவர், ஐந்தடி நடைபாதை. சரியாக மாற்றியிருந்தால் அவை 914.4, 762, 228.6, 1524 என்று அசிங்கமாக வந்திருக்கும். அசிங்கமாக இருந்திருந்தால் உண்மையாக இருந்திருக்கும்.

ஓர் எண் மட்டும் காட்டிக்கொடுத்தது. உள்தடுப்புச் சுவரின் தடிமன் 113 என்று இருந்தது. இந்த ஊரில் யாரும் 113 மிமீ சுவர் கட்டுவதில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தூரம் சொல்லும் டிஸ்ட் கட்டளை கொடுத்துப் பார்த்தால் 112.5. அளவுக்கோடுகளில் தசம இடம் வேண்டாம் என்று வைத்திருந்ததால் 113 என்று மேலே தள்ளிக் காட்டியிருக்கிறது. 112.5 என்பது நாலரை அங்குலத்தை 25-ஆல் பெருக்கினால் வருவது. நாலரை அங்குலச் சுவர்தான் அது.

இன்னொரு தடயமும் இருந்தது. ஆட்டோகேட்டில் மெஷர்மென்ட் என்று ஒரு மாறி உண்டு. அதன் மதிப்பு 0 என்றால் அந்தக் கோப்பு ஹேட்ச் என்னும் நிரப்புக்கோட்டு வடிவங்களையும் கோட்டு வகைகளையும் அங்குலத்துக்கான கோப்புகளிலிருந்து எடுக்கும். 1 என்றால் மெட்ரிக் கோப்புகளிலிருந்து. எங்கள் கோப்பில் தட்டிப் பார்த்தேன். 0. அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கின்றன, ஆனால் பிறப்பு அங்குலத்தில். மதம் மாறினாலும் பிறப்புச் சான்றிதழ் மாறவில்லை என்பது போல.

ஆக நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதலில் ஓர் அலுவலகம் இதை அடி-அங்குலத்தில், ஓர் அலகுக்கு ஓர் அங்குலம் என்று வரைந்திருக்கிறது. பின்னொரு நாள், மெட்ரிக்கில் வேண்டும் என்று யாரோ கேட்க, இன்னொருவர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, சொன்ன மடங்கு பெருக்கிக் கொடுக்கும் ஸ்கேல் கட்டளையில் 25 என்று தட்டியிருக்கிறார். யார் என்று நான் தேடவில்லை. தேடினாலும், என்னைப் போல ஒருவர்தான் அகப்படுவார்.

ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கும் சரக்கும்

இந்த இடத்தில் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் மட்டுமில்லை, பத்து வருட அனுபவக்காரர்களும் குழம்பும் இடம் இதுதான்.

ஆட்டோகேட்டில் ஒரு கோட்டுக்கு நீளம் உண்டு, அலகு கிடையாது. 210 நீளமுள்ள கோடு என்றுதான் அது நினைவில் வைத்துக்கொள்ளும். அது 210 அங்குலமா, 210 மில்லிமீட்டரா என்பது நம் ஒப்பந்தம்.

யூனிட்ஸ் என்று தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் மேலே நீளத்தின் வகையைக் கேட்கும்: ஆர்க்கிடெக்சரல், டெசிமல், எஞ்சினியரிங், ஃபிராக்‌ஷனல், சயின்டிஃபிக். இது எண்ணை எந்த உடையில் காட்டுவது என்பது மட்டுமே. அதே 210 டெசிமலில் 210 என்று தெரியும், ஆர்க்கிடெக்சரலில் 17'-6" என்று தெரியும். கோடு ஒரு மயிரிழைகூட அசையாது. ஆர்க்கிடெக்சரல், எஞ்சினியரிங் இரண்டும் ஓர் அலகை ஓர் அங்குலம் என்று தாமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஆர்க்கிடெக்சரலில் நின்றுகொண்டு 3000 என்று அடித்தால் மூன்று மீட்டர்ச் சுவர் வராது; 250 அடிச் சுவர் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடும். எங்கள் தம்பி சேர்ந்த முதல் வாரம் அதைச் செய்துவிட்டு, "அண்ணே, சுவரைக் காணோம்" என்று வந்து நின்றான்.

அதே பெட்டியில் கீழே இன்செர்ஷன் ஸ்கேல் என்று ஒன்று இருக்கும். இன்ஸ்யூனிட்ஸ் என்ற மாறிதான் அது. அங்குலம் என்றால் 1, மில்லிமீட்டர் 4, மீட்டர் 6, எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 0. வெளியிலிருந்து பிளாக் என்னும் தயார் உருவம் ஒன்றையோ வேறொரு வரைபடத்தையோ கொண்டுவந்து வைக்கும்போது அதை எத்தனை மடங்கு பெருக்குவது என்று முடிவு செய்வதற்குத்தான் இது. நில அளவையாளர் மீட்டரில் வரைந்த கோப்பை மில்லிமீட்டர் கோப்புக்குள் இணைத்தால், இரண்டிலும் இது சரியாக இருந்தால், தானாகவே ஆயிரம் மடங்காகி வந்து உட்காரும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் கோடுகளுக்கு இது ஒன்றுமே செய்யாது.

பாயின் கடையை வைத்தே சொல்கிறேன். டப்பாவின் மேல் மல்லி என்று சீட்டு ஒட்டினால் உள்ளே இருக்கும் மிளகாய் மல்லியாகிவிடாது. யூனிட்ஸ் பெட்டி முழுக்க முழுக்கச் சீட்டு ஒட்டும் இடம். அங்கே மில்லிமீட்டர் என்று தேர்ந்தெடுத்து ஓகே அழுத்திவிட்டு, கோப்பு மெட்ரிக் ஆகிவிட்டது என்று நம்புகிறவர்களை நான் இன்றைக்கும் சந்திக்கிறேன். எங்களுக்கு வந்த கோப்பில் எல்லாச் சீட்டும் மிகச் சரியாக ஒட்டப்பட்டிருந்தது. டெசிமல், மில்லிமீட்டர், 4.

உள்ளே இருக்கும் சரக்கையே மாற்ற வேண்டுமென்றால் வழி உண்டு. மைனஸ் குறி போட்டு டிடபிள்யூஜியூனிட்ஸ் என்று தட்டினால், எந்த அலகுக்கு மாற வேண்டும், இருக்கும் பொருள்களையும் அதற்கேற்ப மாற்றவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுச் செய்துகொடுக்கும். அல்லது ஒரு புதிய மில்லிமீட்டர்க் கோப்பைத் திறந்து, அங்குலச் சீட்டு சரியாக ஒட்டிய பழைய கோப்பை அதற்குள் இன்செர்ட் செய்யலாம். இந்த இரண்டிலும் 25.4 என்ற எண்ணை மென்பொருளே போட்டுக்கொள்ளும். மூன்றாவது வழிதான் ஸ்கேல் கட்டளை. அதில் எண்ணைப் போடுவது நாம். நம் கை பழகிய எண் 25.

அந்த 25 எங்கிருந்து வந்தது

ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மிமீ. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு இது, தோராயம் இல்லை. ஆனால் சைட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அடிக்கு முந்நூறு" என்பார்கள். தமிழ், மலாய், சீனம் எந்த மொழியில் கேட்டாலும் அதே பதில்தான்.

மலேசியாவில் நிறை அளவைச் சட்டம் வந்தது 1972-ல். அரசாங்கத் தாள்கள் எல்லாம் மெட்ரிக்குக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வீடு விற்கிறவர் இன்னும் சதுர அடியில்தான் பேசுகிறார். தொடர்வீடு என்றால் இருபதுக்கு எழுபது. மலாய்த் தொழிலாளி 'காக்கி', 'இன்சி' என்பார். மசாலாக் கடைக்குள் நின்றுகொண்டு ஒருவர் "எத்தனை இன்சி?" என்று கத்த, கடைப் பையன் இஞ்சிக் கூடையைத் திரும்பிப் பார்த்ததை நான் நேரிலேயே கண்டேன்.

இந்த முந்நூறு முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் தொல்லை. இரண்டுக்கு இரண்டு டைல் என்று வாங்கினால் வருவது 600-க்கு 600. அங்கே அடிக்கு முந்நூறு சரி. ஆனால் எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கினால் 2440-க்கு 1220. அங்கே முந்நூறு என்று நினைத்தால் நாற்பது மிமீ அதிகம் வரும். ஒரே லாரியில் வரும் இரண்டு சரக்குக்கு இரண்டு அடி! டைல்காரரின் அடி மெட்ரிக்கில் பிறந்து அடி என்று பேர் வைத்துக்கொண்டது. பிளைவுட்டின் அடி நிஜ அடி. பழைய கட்டடத்தின் சுவரில் இருப்பதும் நிஜ அடி.

ஏன் யாரும் பிடிக்கவில்லை

பிடிப்பதற்கு நான்கு வாய்ப்புகள் கிடைத்தன. நான்கையும் கோட்டை விட்டோம்.

முதலாவது தம்பியின் கேள்வி. வேலை தொடங்கிய இரண்டாம் நாள், "அண்ணே, ஹேட்ச் போட்டா முழுக்கக் கறுப்பா வருது" என்றான். அங்குல ஹேட்ச் மில்லிமீட்டர் வரைபடத்தில் 25 மடங்குக்கும் மேல் நெருக்கமாக விழும், கறுப்பாகத்தான் தெரியும். கோப்பின் பிறப்பையே அது சொல்லிக்கொண்டிருந்தது. நான் தலை நிமிராமல், "ஸ்கேலைக் கூட்டிவிடு" என்றேன். கூட்டினான். கறுப்பு மறைந்தது.

இரண்டாவது நில அளவையாளரின் கோப்பு. அதை இணைத்தபோது கட்டடம் மனையின் பின்பக்கம் எட்டவில்லை, 432 மிமீ குறைந்தது. 27432 இருக்க வேண்டிய இடத்தில் 27000. கிட்டத்தட்ட ஒன்றரை அடி. அகலத்தில் குறைந்த 84-ஐப் பொதுச்சுவர்களின் தடிமன் விழுங்கிவிட்டது. நீளத்தை விழுங்க எதுவும் இல்லை. நான் என்ன செய்தேன்? பழைய கட்டடம், பின்சுவரை எல்லைக்கு உள்ளே தள்ளிக் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முன்பக்கத்தைப் பொருத்திவிட்டு நகர்ந்தேன். பழைய கட்டடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் ஒரு போதை. எந்த முரணையும் அது தீர்த்துவைக்கும்.

மூன்றாவதுதான் என்னை இன்னும் உறுத்துவது. வரைபடத்தைப் பொறியாளருக்கு அனுப்புவதற்கு முன் ஓர் அளவையாவது சரிபார்ப்போம் என்று சைட்டில் இருந்த ஆசாரிக்குப் போன் போட்டேன். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், தேக்கு மரத்திலும் செங்கால் மரத்திலும் கை தேர்ந்தவர். பின்கட்டில் சுவருக்குச் சுவர் அளந்து சொல்லுங்கள் என்றேன். மூட்டைகளை நகர்த்தச் சொல்லி ஐந்து நிமிடத்தில் அளந்தார்.

"பதினேழரை அடி தம்பி. ரெண்டு நூலு கூட இருக்கும்."

எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். அதை விடுங்கள் என்று பதினேழரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மனக்கணக்கு: பதினேழரை முந்நூறு, 5250. திரையைப் பார்த்தேன். 5250. சரி என்று தாளில் டிக் அடித்தேன்.

ஆசாரி சொன்ன அளவு உண்மை. திரையில் இருந்த அளவு பொய். இரண்டையும் ஒப்பிட நான் எடுத்த படி, அந்தப் பொய்யை உண்டாக்கிய அதே படி. கள்ளப் படியால் அளந்த அரிசியை அதே கள்ளப் படியால் திரும்ப அளந்து சரியாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி. போன் போட்டதற்குப் பதில் போடாமலே இருந்திருந்தால், சரிபார்க்கவில்லை என்ற நினைப்பாவது உறுத்திக்கொண்டு இருந்திருக்கும்.

நான்காவது வாய்ப்பு சைட்டிலேயே இருந்தது. எங்கள் தாளின் ஓரத்தில், எல்லோரும் போடுவது போலவே, எல்லா அளவுகளையும் சைட்டில் சரிபார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. கான்ட்ராக்டர் சரிபார்க்கவும் செய்தார். அவருடைய டேப்பில் மேலே அங்குலம், கீழே சென்டிமீட்டர். அவர் பார்த்தது மேல் பக்கத்தை. 5250-ஐ முந்நூறால் வகுத்தார், பதினேழரை வந்தது, டேப்பிலும் பதினேழரை. அவருக்கும் டிக்.

அடியில் நினைத்து முந்நூறால் பெருக்கும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன வரையில் அந்தக் கோப்பில் தவறே இல்லை. அடியே தெரியாத ஓர் இடத்துக்குப் போனபோதுதான் வெளியே வந்தது. பிறைப் பட்டறையின் அறுக்கும் இயந்திரத்துக்கு 5550 என்றால் 5550.

சரிசெய்த கதை

1.016-ஆல் பெருக்கிவிட்டால் முடிந்துவிடாதா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பழைய கோடுகளுக்கு அது சரி. ஆனால் அந்தக் கோப்புக்குள் நாங்களே இரண்டு மாதமாகப் புதிதாக வரைந்தவை இருந்தன: புதிய கழிவறை, புதிய மாடிப்படி, மின்சாரக் குழாய்கள். அவை நிஜ மில்லிமீட்டர். முழுவதையும் பெருக்கினால் சரியாக இருப்பது கெட்டுப்போகும். கோடுகளை வகை வகையாக அடுக்கிவைக்கும் லேயரின் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பழைய லேயர்களிலேயே புதிய கோடுகளும் கலந்து கிடந்தன. எது 25-இன் பிள்ளை, எது உண்மையான பிள்ளை என்று ஒவ்வொரு கோடாகக் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் பழையதைத் தனிக் கோப்பாக எடுத்து 1.016-ஆல் பெருக்கி, மங்கலான நிறத்தில் அடியில் வைத்துக்கொண்டோம். மேலே எல்லாவற்றையும் புதிதாக அளந்து வரைந்தோம். பாயிடம் போய், இரண்டு நாள் கடை திறப்பதற்கு முன் வந்து லேசரில் அளக்க வேண்டும், மூட்டைகளை நடுவில் நகர்த்தித் தர வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க அத்தா சொல்லுவாரு. நீங்க இரும்ப வாங்கின பிறகு அளக்குறீங்க" என்றார். பிறகு பையன்களை அனுப்பி மூட்டைகளை நகர்த்தித் தந்தார்.

நான்கு பீம்களின் இடத்தில் லேசர் காட்டியவை: 5331, 5334, 5340, 5338. ஆசாரியைக் கூப்பிட்டு அவர் அன்றைக்கு எங்கே அளந்தார் என்று கேட்டேன். மூன்றாவது பீமின் இடம். பதினேழரை அடியும் இரண்டு நூலும் 5340. அவருடைய டேப்பும் என் லேசரும் ஒரு மில்லிமீட்டர்கூட விலகவில்லை. நான் தூக்கிப் போட்ட இரண்டு நூல் உட்பட.

புதிய அளவுகள் வந்ததும் பின்னால் சில கணக்குகளும் அசைந்தன. நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை சொச்சம் பிசகினால் பரப்பில் மூன்று பிசகும். பதினேழரைக்குத் தொண்ணூறு அடித் தளம் பழைய கோப்பில் 141.75 சதுர மீட்டர். உண்மையில் 146.3. சதுர அடியில் சொன்னால் ஏறக்குறைய ஐம்பது காணாமல் போயிருந்தது. நல்ல வேளை, வாடகை ஒப்பந்தம் எதிலும் அந்த எண் ஏறவில்லை.

மாடிப்படி வேடிக்கையானது. யூபிபிஎல் என்று நாங்கள் சொல்லும் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளில் படியின் உயரம் 180 மிமீக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255-க்குக் குறையக் கூடாது. பழைய படி ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம். பழைய கோப்பில் 175, 250. சரியான கணக்கில் 177.8, 254. விதிக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு! அந்த விதிப் புத்தகத்தையே உற்றுப் பார்த்தால் பல எண்களுக்குப் பின்னால் அடி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றும். வீட்டில் புழங்கும் அறைகளில் இரண்டாவதற்குக் குறைந்தபட்சம் 9.3 சதுர மீட்டர் என்கிறது. அது நூறு சதுர அடி. மற்ற அறைகளுக்கு 6.5; அது எழுபது சதுர அடி. முந்நூறை நம்பினால் நூறு சதுர அடி அறை ஒன்பது சதுர மீட்டராகி விதியில் தோற்கும். எங்கள் படி எப்படியும் புதிதாக வரைந்ததுதான் என்பதால் 260 வைத்துவிட்டோம்.

அலுவலகத்தில் மாற்றியவை அதிகமில்லை. வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பையும் நேரடியாகத் திறந்து வேலை செய்வதில்லை. ஆட்டோகேட்டோடு வரும் ஏகேட்ஐஎஸ்ஓ என்ற மெட்ரிக் டெம்ப்ளேட்டிலிருந்து எங்களுக்கென்று ஒன்று செய்துவைத்திருக்கிறோம். முதலில் வந்த கோப்பில் மெஷர்மென்ட்டையும் இன்ஸ்யூனிட்ஸையும் தட்டிப் பார்க்கிறோம். பிறகு, சீட்டு என்ன சொன்னாலும், கட்டடத்தின் மிக நீளமான ஓர் அளவை லேசரில் எடுத்து டிஸ்ட் சொல்வதோடு ஒப்பிடுகிறோம். நீளமானதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். மூன்றடிக் கதவில் இந்தப் பிழை 14 மிமீதான். கதவுச் சட்டத்தின் பூச்சில் மறைந்துபோகும். தொண்ணூறு அடியில் மறைய முடியாது.

இன்னொன்று சைட்டுக்குப் போகும் தாளில். ஆசாரியையும் கான்ட்ராக்டரையும் மில்லிமீட்டரில் நினைக்கச் சொல்வது நடக்காத காரியம், சொல்லவும் தேவையில்லை. அளவுக்கோட்டின் பாணியில் ஆல்டர்னேட் யூனிட்ஸ் என்ற பகுதியைத் திறந்து, வகையை ஆர்க்கிடெக்சரல் என்றும், பெருக்கும் எண்ணை 0.03937 என்றும் வைத்தால் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்திலேயே அடியும் வரும். 5334 என்று இருக்கும், அருகே 17'-6" என்று இருக்கும். முந்நூறால் வகுக்க யாருக்கும் அவசியம் வராது. மாநகர் மன்றத்துக்குப் போகும் தாளில் இதை அணைத்துவிடுவோம். அங்கே மெட்ரிக் மட்டும்தான்.

பீம்களின் கதி: முனையில் துண்டு வைத்து வெல்டு செய்து நீட்டலாமா என்று கான்ட்ராக்டர் கேட்டதற்குப் பொறியாளர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். நான்கும் புதிதாக வெட்டி வந்தன, இம்முறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீளம். செலவு எங்கள் அலுவலகத்தின் கணக்கில். எத்தனை வெள்ளி என்று எழுத மனம் வரவில்லை. பழைய நான்கில் இரண்டை, கொஞ்சம் வெட்டி, அதே கட்டடத்தின் பின்சந்துப் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கியாகப் போட்டோம். மீதி இரண்டும் பட்டறையிலேயே கிடக்கின்றன. எடுத்துக்கொண்டு போங்கள், இடத்தை அடைக்கிறது என்று மாதம் ஒரு முறை போன் வருகிறது.

புது பீம்கள் இறங்கிய நாளில் ஆசாரியிடம் அடி என்பது 304.8 என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மேல்தளப் பலகைக்கு மரம் வெட்டக் கணக்குப் போட்டபடி, "மூணு மீட்டர்னா பத்தடி, சரிதானே தம்பி?" என்றார். காது மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்து, டேப்பை நீட்டச் சொன்னேன்.